காலியான காணியின் பச்சைக் கணக்கு



போன மாதக் கூட்டத்துக்கு வராதவர்களுக்காக முதலில் ஒரு சின்ன அறிக்கை. லவாலில், சொமெடியில் ஒரு தோழரின் பேஸ்மென்ட்டில் பதினொரு பேர் கூடினோம். நிகழ்ச்சி நிரலில் ஆறு விஷயம் இருந்தது. நாங்கள் கதைத்து முடித்தது ஒன்றைத்தான், அதுவும் முடியவில்லை. வடக்கில் இராணுவத்திடமிருந்து விடுபட்ட காணிகளில் மரம் நட்டு, கெட்டுப்போன மண்ணைத் தேற்றி, அந்த மண்ணில் சேரும் காபனைக் கணக்குப் பார்த்து, அந்தக் கணக்கை காபன் கிரெடிட்டாக வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு விற்கும் திட்டம் ஒன்று எங்களிடம் வந்திருக்கிறது. நாற்பது பக்க பிடிஎஃப். எங்களிடம் கேட்பது இரண்டே இரண்டு உதவி: இங்கே எங்கட சனத்திடம் ஆரம்பப் பணம் சேர்த்துக் கொடுக்கவேணும், அங்கே காணிக்காரரை அறிமுகப்படுத்திவிடவேணும்.

அனுப்பியவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. கெட்ட மனிதர்கள் என்றும் நான் நினைக்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் ஆதரவாகத்தான் இருந்தார்கள், அதிலும் இளையவர்கள். காலநிலை நெருக்கடி, காணி மீட்பு, ஊருக்கு வருமானம் மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கிற மாதிரி ஒரு திட்டம் எங்கட கைக்கு எத்தனை தரம் வரும்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒன்பதாம் பக்கத்துக்கு வரும்வரை.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரைபு. கிடையாக ஆண்டுகள், 30 வரை. நிலைக்குத்தாக மண்ணிலுள்ள காபன். இடது கீழ் மூலையில் தொடங்கி வலது மேல் மூலைக்கு அடிமட்டத்தால் கீறினது போல் ஒரு பச்சைக் கோடு. கீழே சின்ன எழுத்தில், ‘ரொத்-சி மொடலின்படி’. கூட்டத்தில் யாரும் அந்தக் கோட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறுத்தத் தொடங்கியது. அந்த மொடல் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று இரவு இருந்து லப்டொப்பில் ஓடவிட்டுப் பார்த்தேன். இந்த இதழின் ஆசிரியர் பக்கத்தை அதற்கே எடுத்துக்கொள்கிறேன், மன்னிக்கவும்.

(கணக்குக்குப் பயந்தவர்கள் அடுத்த சில பந்திகளைப் பாய்ந்து போகலாம். ஆனால் போகாதீங்கோ. எங்களிடம் கையெழுத்துக் கேட்பவர்கள் நம்பியிருப்பதே நாங்கள் பாய்ந்து போவோம் என்பதைத்தான்.)

லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பென்டன் என்ற ஊரில் ரொதம்ஸ்டெட் என்றொரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செயற்கை உரம் விற்றுப் பணக்காரரான ஜோன் பெனெட் லோஸ் என்பவரின் சொந்தப் பண்ணை அது. அங்கே பிரோட்பால்க் என்ற வயலில் 1843இலிருந்து இன்றுவரை கோதுமை விதைத்து, அளந்து, எழுதிவைக்கிறார்கள். 1882இல் அந்த வயலின் ஒரு துண்டில் விளைந்த கோதுமையை அறுக்காமல் வேலியடைத்து விட்டுவிட்டார்கள். 1886இல் பக்கத்திலுள்ள கீஸ்கிரொஃப்ட் என்ற வயலிலும் ஒரு துண்டை அப்படியே கைவிட்டார்கள். யாரும் ஒன்றும் நடவில்லை. புல் வந்தது, பற்றை வந்தது, மரம் வந்தது. இன்று இரண்டும் காடு. நூற்றிருபது ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் அந்த மண்ணில் ஆண்டுக்கு ஒரு ஹெக்டேயருக்குச் சராசரியாக அரைத் தொன்னை ஒட்டித்தான் காபன் சேர்ந்திருக்கிறது. மரங்களில் சேர்ந்தது அதைவிடப் பல மடங்கு. மண் அவ்வளவு மெதுவானது.

அந்த வயல்களின் அளவீடுகளை வைத்து டேவிட் ஜென்கின்சனும் கூட்டாளிகளும் 1970களிலிருந்து கட்டிவந்ததுதான் ரொத்-சி மொடல். அடிப்படை எளிமையானது. மண்ணுக்குள் வரும் இலை, வேர், எரு எல்லாவற்றையும் ஐந்து பெட்டியாகப் பிரிக்கிறது: கெதியாக உக்குவது, மெல்ல உக்குவது, நுண்ணுயிர்களின் உடல், நீண்டகாலம் நிற்கும் மட்கு, ஒன்றுக்கும் அசையாத பழங்காபன். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் எவ்வளவு உக்கிக் காற்றுக்குப் போகும், எவ்வளவு அடுத்த பெட்டிக்குப் போகும் என்று கூட்டிக் கழிக்கிறது. அதற்குத் தேவையானவை வெப்பநிலை, மழை, ஆவியாதல், மண்ணிலுள்ள களியின் வீதம், நிலம் பயிரால் மூடியிருக்கிறதா வெறுமையாகக் கிடக்கிறதா என்பது, பிறகு மாதாமாதம் எவ்வளவு தாவரப் பொருள் மண்ணுக்குள் போகிறது என்பது. நிலம் பச்சையால் மூடியிருந்தால் உக்கும் வேகத்தை 0.6ஆல் பெருக்குகிறது. வெறும் நிலமென்றால் குறைப்பு இல்லை. மண் காய்ந்தால் வேகம் ஐந்தில் ஒன்றுவரை இறங்கும்.

வெப்பத்துக்கு வாருங்கோ. மொடலைக் கட்டிய காலத்தில் ரொதம்ஸ்டெட்டின் ஆண்டுச் சராசரி 9 பாகையைச் சற்றுத் தாண்டியிருந்தது. மொடலில் அதுதான் ‘ஒன்று’. யாழ்ப்பாணத்தின் சராசரி ஏறத்தாழ 28 பாகை. மொடலின் சமன்பாட்டில் 28ஐப் போட்டால் விடை 4.4. அதாவது அதே குழை, அதே எரு, மண் ஈரமாக இருக்கும் காலத்தில், எங்கட ஊரில் நாலு மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் உக்கிப் போகும். மட்குப் பெட்டி இங்கிலாந்தில் பாதியாகக் குறைய 35 ஆண்டு எடுக்கும். எங்கட வெப்பத்தில், ஈரமான தோட்டத்தில், அதற்கு 8 ஆண்டு போதும். சேர்க்கிறது ஒரு பக்கம், எரிகிறது மறுபக்கம். அதனால் ஒவ்வொரு ஆண்டும் ஒரே அளவு குழை போட்டால் கோடு முதலில் ஏறும், பிறகு வளையும், பிறகு படுத்துவிடும். முப்பது ஆண்டு நேராக ஏறுகிற கோட்டை நான் எவ்வளவு முயன்றும் அந்த மொடலால் கீற முடியவில்லை, ஆண்டுக்காண்டு போடுகிற குழையைக் கூட்டிக்கொண்டே போனாலொழிய. பிடிஎஃப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சரி, அது தொழில்நுட்பப் பிழை, திருத்தலாம் என்று விட்டுவிடலாம். நான் நித்திரை இல்லாமல் இருந்தது வேறொன்றால்.

என்ர பெரியம்மாவின் காணி தெல்லிப்பழைக்கு வடக்கே. 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபோது வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போடு வெளியேறியது உங்களுக்குத் தெரியும், உங்களில் பலருடைய வீட்டுக் கதையும் அதுதான். பலாலியையும் காங்கேசன்துறையையும் சுற்றிய ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாகின. நலன்புரி முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றம் போனார்கள். பிறகு துண்டு துண்டாக விடுவிப்பு. மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றிய 54 ஏக்கரும் 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தன. இன்னும் கிடைக்காதவை இருக்கின்றன.

பெரியம்மாவின் துண்டு 2016இல் விடுபட்டது. போய்ப் பார்த்தபோது எல்லைக்கல் இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது, வீட்டின் அத்திவாரத்தை மட்டும் கண்டுபிடித்தார்கள். மிச்சம் எல்லாம் பற்றை. நாயுண்ணி, உடை, இலந்தை, நடுவில் தானாக எழும்பின வேம்பு. ஆளுயரத்துக்கு மேல். வெட்டித் துப்புரவாக்கி, கிணறு இறைத்து, முதலில் மரவள்ளியும் பிறகு வெங்காயமும் வைக்க இரண்டு வருஷம் பிடித்தது.

இந்தக் காணியை மொடலுக்குள் போட்டேன். அந்த மண்ணை யாரும் அளக்கவில்லை, நான் போட்ட எண்கள் ஊகம், அதனால் தொன் கணக்கு ஒன்றும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. கோட்டின் வடிவத்தை மட்டும் சொல்கிறேன். 1990 வரை தோட்டம் செய்த நிலம்: கோடு தாழ்வாக, கிட்டத்தட்ட மட்டமாக. 1990இல் சனம் போகிறது, உழவில்லை, நிலம் பச்சையால் மூடுகிறது, சருகு விழுகிறது: கோடு ஏறுகிறது. 26 வருஷம் ஏறிக்கொண்டே போகிறது, கடைசியில் வளைந்தாலும். 2016இல் பெரியம்மா மண்வெட்டியோடு வருகிறா. கோடு சரேலென்று விழுகிறது.

மொடல் பிழை விடவில்லை. பற்றை வளர்ந்தால் காபன் சேரும், வெட்டிக் கொத்தினால் போகும், அது இயற்பியல். ஆனால் அந்தக் கோட்டை ஒரு கிரெடிட் திட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்தால் நடப்பது என்ன? ஒவ்வொரு காபன் திட்டத்துக்கும் ஒரு தொடக்க அளவு வேணும். அதற்கு மேலே சேர்வதுதான் விற்பனைக்கு. பிடிஎஃப்பில் தொடக்கம் ‘காணி விடுவிக்கப்பட்ட நாளில் இருந்த நிலை’. அதாவது 26 வருஷக் காலியில் ஏறி உச்சிக்குப் போன புள்ளி. அந்தக் கணக்கில் சனம் துரத்தப்பட்ட காலம் சூழல் மீட்சி. சனம் திரும்பி வந்தது இழப்பு. பெரியம்மா மாசாக்கி.

இது எங்கட ஊருக்கு மட்டுமான விசித்திரம் என்று நினைக்கவேண்டாம். 2019இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கொலம்பஸ் வந்திறங்கியதிலிருந்து 1600 வரைக்கும் அமெரிக்கக் கண்டங்களில் நோயாலும் படுகொலையாலும் அடிமைத்தனத்தாலும் ஏறத்தாழ 5 கோடி 60 இலட்சம் ஆதிக்குடிகள் இறந்தார்கள், அவர்கள் பயிர்செய்த ஏறத்தாழ அதே எண்ணிக்கை ஹெக்டேயர் நிலம் காடாகியது, அந்தக் காடு இழுத்த காபன் வளிமண்டலத்தின் காபனீரொட்சைட்டு அளவையே கொஞ்சம் இறக்கியது என்பது அவர்கள் வாதம். அண்டார்டிக் பனியில் அந்த இறக்கம் பதிந்திருக்கிறது. அதில் எவ்வளவு பங்கு இந்தச் சாவுகளால் என்பதில் விவாதம் உண்டு. ஆனால் ஒன்றை யோசியுங்கோ: அந்தக் காலத்தில் ஒரு காபன் பதிவகம் இருந்திருந்தால் அதன் கணக்கில் அது சிறந்த நூற்றாண்டு.

இனி, நாங்கள் இருக்கிற இடத்துக்கு வருகிறேன். லவாலிலிருந்து மேற்கே காரில் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான தூரத்தில் ஓக்கா. எங்களில் பலர் கோடையில் குளிக்கவும் இலையுதிர் காலத்தில் அப்பிள் பறிக்கவும் அந்தப் பக்கம் போகிறவர்கள். ஊருக்கு மேலே உள்ள பைன் காட்டுக்குள் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? 19ஆம் நூற்றாண்டில் அந்த மேடு மரம் அழிந்து வெறும் மணலாகக் கிடந்தது. மழைக்கும் காற்றுக்கும் மணல் சரிந்து கீழேயுள்ள ஊரை மூடப் பார்த்தது. 1880களில் தொடங்கி ஆயிரக்கணக்கில் பைன் நட்டு அந்த மணலைப் பிடித்து நிறுத்தினார்கள். கெட்டுப்போன நிலத்தை மீட்டெடுத்ததில் இந்த நாட்டின் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று அது. நட்டவர்களில் கனெசடாகேயின் மொஹோக் மக்கள் இருந்தார்கள். நிலத்தின் பத்திரமோ 1717இலிருந்தே சுல்பிசியன் பாதிரிமார் கையில். பிறகு அது கை மாறிக் கை மாறி, நூறு வருஷம் கழித்து, 9 குழி கோல்ஃப் மைதானத்தை 18 குழியாக்க நகரசபை அந்தக் காட்டையும் பக்கத்திலிருந்த மயானத்தையும் கேட்டது.

1990 ஜூலை 11 அன்று பொலிஸ் காட்டுக்குள் பாய்ந்தது. 78 நாள் முற்றுகை. பிறகு இராணுவம். அலனிஸ் ஒபொம்சாவின் எடுத்த ஆவணப்படம் இருக்கிறது, பார்க்காதவர்கள் பாருங்கோ, அடுத்த திரையிடலுக்கு அதை வைக்கலாம். வலி வடக்கு காலியானது 1990 ஜூன். ஓக்கா தடுப்பரண் அதே வருஷம் ஜூலை. அந்தக் கோடையில் மொன்றியலில் ஏற்கெனவே இருந்த எங்கட ஆட்கள் பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஒரு அறையில் ஏழெட்டுப் பேராக இருந்து, ஊரிலிருந்து தொலைபேசி வருமா என்று காத்துக்கொண்டு, தொலைக்காட்சியில் பைன் மரங்களுக்கு நடுவில் இராணுவ வண்டி போவதைப் பார்த்திருக்கிறார்கள். அப்பா சொல்லுவார், அவருக்கு அப்போது பிரெஞ்சு விளங்காது, படத்தை மட்டும் பார்த்து, இது எந்த நாடு என்று கேட்டாராம்.

பைன் காட்டில் சேர்ந்த காபனை யார் பெயரில் எழுதுவது? நட்டவருக்கா, பத்திரம் வைத்திருந்தவருக்கா, அதைக் காப்பாற்ற 78 நாள் நின்றவர்களுக்கா? மொடலில் அந்தக் கேள்விக்குப் பெட்டி இல்லை. இருக்கவேணும் என்றும் சொல்லமாட்டேன், அது மண்ணின் கணக்கு. கிரெடிட் ஒப்பந்தத்தில்தான் அந்தக் கேள்விக்கு விடை எழுதப்படுகிறது, வழக்கமாகப் பத்திரக்காரர் பக்கமாக.

வலி வடக்கில் பத்திரம் என்பது என்ன நிலை? உறுதிகள் இடம்பெயர்வில் தொலைந்தன. எல்லைக்கல் இல்லை. காணியின் பாதி உரித்துக்காரர் டொரொண்டோவிலும் பாரிஸிலும் இங்கே லவாலிலும். 2025 மார்ச் மாத வர்த்தமானி ஞாபகம் இருக்கா? வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. மக்களின் எதிர்ப்பும் உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையும் வந்த பிறகுதான் அது நின்றது. உரிமை கோராத காணி, பாவிக்கப்படாத காணி, தரமிழந்த காணி. மூன்றாவது சொல் விஞ்ஞானத்திலிருந்து வருகிறது, முதல் இரண்டும் காணிக் கந்தோரிலிருந்து. ஒரே துண்டுக்கு மூன்றையும் ஒட்டினால் அதில் ஆள் இருந்த தடம் மறைந்துவிடும். வரைபடத்தில் ‘தரமிழந்த நிலம்’ என்று நாங்களே நிறம் தீட்டிக் கொடுத்தால் அடுத்த வர்த்தமானிக்கு அது உதவாது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

ஒரு தோழர் கூட்டத்தில் இதற்கு நேரெதிராகச் சொன்னார். அவருடைய வாதம் பலமானது, அதனால் இங்கே வைக்கிறேன். சர்வதேசப் பதிவகம் ஒன்றில் ‘இந்தக் காணி இன்னாருடையது’ என்று எழுதப்பட்டால் அதுவே ஒரு சான்று, நாளைக்கு நீதிமன்றத்தில் காட்டலாம் என்றார். நான் இரண்டு நாள் இதை யோசித்தேன். பிரச்சினை, அந்தப் பதிவு காணியை 30 வருஷத்துக்கு ஒரு பாவனைக்குள் பூட்டுகிறது. சேர்ந்த காபன் நிலைக்கவேணும் என்பது சந்தையின் விதி. பெரியம்மாவின் பேரன் மரத்தை எடுத்து மிளகாய் வைக்க விரும்பினால் அவன் ஒப்பந்தத்தை மீறியவன். உறுதியில் அவன் பெயர் இருக்கும், காணியில் என்ன வளரவேணும் என்பதை வேறொருவர் சொல்லுவார். இதுவும் எங்களுக்குப் பக்கத்தில் நடந்ததுதான். நெடுஞ்சாலை 15இல் வடக்கே போனால் வருகிற மிராபெல்லில் விமான நிலையத்துக்கென்று 1969இல் கூட்டாட்சி அரசு 97,000 ஏக்கரை எடுத்தது. விவசாயிகள் தங்கட சொந்த நிலத்திலேயே வாடகைக்காரரானார்கள். பெரும்பகுதியை 1985இல்தான் திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தார்கள். விமான நிலையத்தின் பயணிகள் முனையத்தைக் கடைசியில் இடித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் நிலம் தன்னுடையதா என்று தெரியாதவர் மண்ணுக்கு எருப் போடமாட்டார். எரு இந்த வருஷம் போட்டால் பலன் வர மூன்று நாலு வருஷம். மொடலின் ‘மாதாமாதம் மண்ணுக்குள் போகும் தாவரப் பொருள்’ என்ற எண்ணுக்குப் பின்னால் நிற்பது இந்த நம்பிக்கைதான்.

அதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்துச் செம்மண்ணைப் பார்க்கவேணும். சுண்ணக்கல்லின் மேலே மெல்லிய படை, ஆறு இல்லை, மழை மாரியில் மட்டும், வெப்பம் மட்கைத் தின்றுகொண்டே இருக்கும். அப்படி இருந்தும் அங்கே தலைமுறை தலைமுறையாகப் புகையிலையும் வெங்காயமும் விளைந்தது என்றால், சனம் ஓயாமல் மண்ணுக்குக் கொடுத்ததால்தான். வேலிக்குக் கதியாலாகப் பூவரசு, கிளுவை. வருஷத்துக்கு வருஷம் வெட்டித் தோட்டத்தில் கிடங்கு வெட்டிக் குழை தாழ்ப்பார்கள். கூரை வேய்ந்த பனையோலை பழசானால் அதுவும் தோட்டத்துக்குத்தான் போகும். ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி அடைப்பார்கள். பனையோலை மெல்ல உக்கும், பூவரசங்குழை கெதியாக உக்கும். இரண்டும் மொடலின் இரண்டு வேறு பெட்டிகள். ஜென்கின்சனுக்கு முன்பே என்ர அம்மம்மாவிடம் அந்தப் பெட்டிகள் இருந்தன என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அது மிகை. அவவிடம் இருந்தது வேலி. வேலி போனது, பனை பதுங்குகுழிக்குத் தறிபட்டது, கால்நடை போனது. 2016இல் திரும்பியவர்கள் உர மூடையை வாங்கித்தான் தொடங்கினார்கள்.

இங்கே கிரெடிட் சந்தையின் இன்னொரு விதி வருகிறது, எனக்கு மிகவும் ஆத்திரம் தருவது. திட்டம் இல்லாவிட்டால் நடந்திருக்காத வேலைக்குத்தான் காசு. காலங்காலமாகக் குழை தாழ்க்கிறவருக்குக் கிரெடிட் இல்லை, ஏனென்றால் அவர் எப்படியும் தாழ்ப்பார். தாழ்ப்பதை விட்டவர் மீண்டும் தொடங்கினால் கிடைக்கும். மண்ணைக் காத்தவருக்குப் பூச்சியம்.

மொடலை நான் எதிரியாகப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லவேணும். அந்த மூன்று இரவில் உருப்படியாக ஒன்று கண்டேன். ஒரு காணியின் நாலு பக்கமும் வேலியில் பூவரசும் சீமைக்கிளுவையும் வைத்து, குழையை ஒவ்வொரு வருஷமும் தாழ்த்து, கோடையில் நிலத்தை வெறுமையாக விடாமல் பயற்றையோ சணலையோ வைத்தால், பெரியம்மாவின் விழுந்த கோடு சில வருஷத்தில் திரும்ப ஏறத் தொடங்குகிறது, தோட்டம் செய்துகொண்டே. பற்றைக்காட்டின் உயரத்துக்குப் போகாது. போகவேணும் என்று யார் கேட்டது? காபன் கணக்கில் பூவரசும் ஒன்று, நாயுண்ணியும் ஒன்று. ஆட்டுக்கும் வேலிக்கும் சோற்றுக்கும் அப்படி இல்லை. சூழல் மீண்டதா என்பதைக் காபன் மட்டும் சொல்லாது. கிணற்று நீர், தேனீ, நிலத்தில் மண்புழு, காணிக்குள் ஆள் எல்லாம் சேர்ந்தது அது. சீமெந்து ஆலைக்காகக் காங்கேசன்துறைப் பக்கம் தோண்டின சுண்ணக்கல் கிடங்குகளை எந்த மொடலுக்குள்ளும் போட முடியாது. அங்கே மண்ணே இல்லை. அதையும் ‘மீட்சிக்குத் தகுந்த நிலம்’ பட்டியலில் பிடிஎஃப் சேர்த்திருக்கிறது.

சுண்ணக்கல் என்றதும் இன்னொன்று. மண்ணைச் சுட்டு வரும் காபனை அளக்கிற முறையில், சுண்ணாம்பிலுள்ள காபனும் சேர்ந்து வந்துவிடும். முதலில் அமிலம் விட்டு அதை நீக்கவேணும் அல்லது தனியாக அளந்து கழிக்கவேணும். யாழ்ப்பாணத்து மண்ணில் இதைச் செய்யாவிட்டால் கல்லை மட்கு என்று விற்கலாம். எந்த முறையில் அளப்பார்கள் என்று நாற்பது பக்கத்திலும் தேடினேன், இல்லை.

வரைபைப் பெரியம்மாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். கோடு எங்கே ஏறுகிறது, எங்கே விழுகிறது என்று விளங்கப்படுத்திக் குரல் பதிவும் போட்டேன். அடுத்த நாள் பதில் வந்தது. பின்னால் தண்ணீர் இறைக்கிற மோட்டர் சத்தம். “அந்த இருபத்தாறு வருஷம் நாங்கள் எங்க இருந்தனாங்கள் எண்டு அந்தக் கோட்டில போட்டிருக்கோ தம்பி?” என்று கேட்டுவிட்டு, வெங்காய விலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டா.

என்ர நிலைப்பாடு இது. காபன் கிரெடிட் ஒப்பந்தத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலைக்கு எங்கட கூட்டமைப்பு கையெழுத்து வைக்கக்கூடாது. தொடக்க அளவை 2016இல் அல்ல, 1990 ஜூனுக்கு முந்திய தோட்டத்தின் நிலையில் வைக்க அவர்கள் சம்மதிப்பார்களா என்று கேட்டு எழுதலாம். சம்மதித்தால் திரும்பக் கதைக்கலாம். நான் எதிர்பார்க்கவில்லை, ஏனென்றால் அப்படி வைத்தால் சேர்ந்த காபனில் பெரும்பங்கு சனம் இல்லாத காலத்தில் சேர்ந்ததாக, திட்டத்துக்கு முந்தியதாகப் போய்விடும். விற்க ஒன்றும் மிஞ்சாது.

அதற்காகச் சேர்க்க நினைத்த பணத்தை விடவேண்டாம். அங்கே மூன்று ஊர்களில் ஏற்கெனவே இயங்கும் விவசாயிகளிடம் கேட்டபோது சொன்னது கதியால், ஆடு, கிணறு தூர்வாருதல், பிறகு வருஷத்துக்கு ஒருதரம் மண் பரிசோதனை. அளவீட்டுத் தாள் காணிக்காரரின் கையில் இருக்கட்டும், தமிழில். யாருக்குக் காட்டுவது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். மொடலை ஓடவிடத் தெரிந்தவர்கள் எங்களில் நாலைந்து பேர் இருக்கிறோம். கேட்டால் இலவசமாக ஓடவிட்டுக் கொடுக்கலாம். உறுதி தொலைத்தவர்களுக்குச் சட்டத்தரணி செலவு தனிக் கணக்கில்.

அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு, அதே பேஸ்மென்ட்டில். சூம் இணைப்பு தனி மின்னஞ்சலில் வரும். வாக்கெடுப்பு அன்றைக்கு. பிடிஎஃப்பும் நான் ஓடவிட்ட மொடலின் கோப்பும் எங்கட பொதுக் கோப்புறையில் இருக்கின்றன, என்ர கணக்கில் பிழை கண்டால் வெள்ளிக்கிழமைக்கு முதல் எழுதுங்கோ, திருத்தி அனுப்புகிறேன். ஊரில் காணி உள்ளவர்கள், வீட்டில் பெரியாக்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டு வாங்கோ: வேலியில் என்ன மரம் நின்றது.